இரண்டு நாள் இலவசம், பேச்சு மட்டும் கேட்கணும்

போன மாதம் ஒரு மத்தியானம், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. இளம் பெண் ஒருத்தியின் குரல்.

"வணக்கம் மேடம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எடுத்தேன். எங்க ஹொலிடே கிளப் குலுக்கல்ல உங்க நம்பர் தெரிவாகியிருக்கு. நீங்களும் உங்க கணவரும் மலைநாட்டுல, எல்லவுல, ரெண்டு நாள் இலவசமா வந்து தங்கலாம்."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா மேடம். ஒரு சதம்கூட கட்டத் தேவையில்ல. நீங்க செய்ய வேண்டியதெல்லாம்..."

"ஞாயிற்றுக்கிழமை காலையில நல்லா சாப்பிட்டுட்டு, உங்க பிரதிநிதி ஒருத்தரோட கொஞ்ச நேரம் சந்தோஷமா பேசிக்கிட்டிருக்கணும். அதானே?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அடுத்த வரி, 'எந்தக் கட்டாயமும் இல்ல'. அதச் சிரிச்சுக்கிட்டே சொல்லணும்," என்றேன்.

"மேடம், இது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"எழுதினதே நான்தாம்மா."

அந்தப் பெண்ணின் பெயர் நிரோஷா. ஊர் பசறை. நான் ஓய்வு பெற்ற அதே கிளப்பில், இப்போது காலையிலிருந்து மாலைவரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் பேசுகிறாள். இப்போதெல்லாம் விருந்தாளியை நேரில் உட்கார வைத்துப் பேசுவதைக் குறைத்துவிட்டார்களாம்; பாதிக்கு மேல் போனிலேயே முடிகிறதாம். முடிகிறது என்றால், ஆட்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.

"நீங்க ஆள நேருக்கு நேரா வச்சிப் பேசினீங்களா? 'வேணாம்'னு மூஞ்சிக்கு நேரா சொல்வாங்களே, எப்படி மேடம் தாங்கினீங்க?" என்று கேட்டாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். பருப்பு அடிப்பிடித்து, வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து சத்தம் போடும்வரை சொல்லியும் முடியவில்லை. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் பிறந்தது நமுனுகுல பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவுக்கு என்னை டீச்சராக்க ஆசை. ஏ.எல். பரீட்சை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தார்கள்; போய்ச் சேர்ந்தேன். தமிழ் வீட்டில் கிடைத்தது, சிங்களம் பஸ்ஸில் கிடைத்தது, ஆங்கிலம் சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்திய வெள்ளைக்காரர்களிடமிருந்து கிடைத்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பல வருஷம் சாவி கொடுத்துச் சாவி வாங்கினேன்.

அப்போதுதான் எல்லவுக்குப் போகும் பாதையில், மலைச்சரிவில், அந்த ஹொலிடே கிளப்பைக் கட்டினார்கள். அவர்கள் விற்றது வீடும் இல்லை, காணியும் இல்லை. ஒரு தடவை பெரிய தொகையாகக் கட்டினால், பல வருஷங்களுக்கு, வருஷத்தில் ஒரு வாரம் அவர்களுடைய ஹோட்டல்களில் தங்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு வாரத்தை விற்பதற்காகக் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு நாளைச் சும்மா கொடுத்தார்கள். பதுளை, பண்டாரவளைக் கடைக்காரர்கள், டீச்சர்மார், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்கள் என்று தமிழ் பேசும் குடும்பங்களிடம் பேச ஒருவர் தேவைப்பட்டது. எனக்கு வாய் இருந்தது.

கொழும்பில் ஒரு வாரம் பயிற்சி. விருந்தாளிகளை அழைக்கும் பேச்சைத் தமிழில் எழுதும் வேலையும் அங்கேயே என் தலையில் விழுந்தது. அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேள்வி கேள், தலையாட்டு, 'இல்லை' என்ற சொல் காதில் விழாதது போல இரு. இதையெல்லாம் நான் கல்யாணமான நாளிலிருந்து செய்துகொண்டுதான் இருந்தேன். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் விருந்தாளிகள் வருவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வர வேண்டும். தனியாக வந்தால் அறை கிடையாது. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று யாரும் தப்பிவிடக் கூடாது அல்லவா? வந்ததும் பாலில்லாத இஞ்சிப் பிளேன்டீ. சனிக்கிழமை முழுக்க எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டோம். ஞாயிறு காலையில் கிரிபத் என்கிற பாற்சோறு, இடியப்பம், சொதி, பொல் சம்பல் என்று எழுந்திருக்க முடியாத அளவுக்குப் போடுவோம். வயிறு நிறைந்தவன் சண்டை போடமாட்டான் என்பது தலைமை அலுவலகத்தின் நம்பிக்கை.

பிறகு மேல்மாடி மண்டபம். வட்ட மேசைகள்தான், ஏனென்றால் சதுர மேசையில் ஒருவர் எதிரே உட்கார வேண்டிவரும். எதிரே உட்கார்ந்தால் எதிரியாகிவிடுவோமாம். மனைவி என் பக்கத்தில், கணவர் மனைவிக்கு அந்தப் பக்கம். இருவருக்கும் கண்ணெதிரே ஜன்னல், ஜன்னலில் நமுனுகுல மலை. கடிகாரமும் வாசலும் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால். முதல் அரை மணி நேரம் எதையும் விற்கக் கூடாது. பிள்ளைகள், வியாபாரம், கடைசியாக எங்கே சுற்றுலா போனீர்கள் என்று கேட்க வேண்டும். இதற்குச் சூடேற்றுவது என்று பெயர். பிறகு ஒரு வீடியோப் படம். பிறகு ஜோடித்து வைத்த ஓர் அறையைக் காட்டுவோம். கட்டிலில் துவாயை மடித்து இரண்டு அன்னம் செய்து வைத்திருப்பார்கள். பிறகுதான் விலை. விலை சொன்னதும் முகம் விழும். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் பேனாவை மேசையில் குறுக்காக வைக்க வேண்டும். அது மேனேஜருக்கான அடையாளம். அவர் ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல வருவார், இன்றைக்கு மட்டும் என்று ஒரு விலையைச் சொல்வார். கையெழுத்து விழுந்தால் மணி அடிப்போம். எல்லா மேசையிலும் கை தட்டுவார்கள். எதற்கென்று தெரியாமலே விருந்தாளிகளும் தட்டுவார்கள்.

என் முதல் மேசை பண்டாரவளை மரக்கறி வியாபாரி ஒருவர். நான் விலை சொல்லும் முன்னே, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். மணி அடித்தார்கள். நான் இந்தத் தொழிலுக்காகவே பிறந்தவள் என்று வீட்டுக்குப் போய் அறிவித்தேன். அந்த வியாபாரிக்கு வெளியே லொறி காத்துக்கொண்டு நின்றது, எனக்குப் பிறகுதான் தெரியும். அவரைப் போல அவசரத்தில் ஒருவர் அதன் பிறகு எனக்கு அமையவில்லை.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வின்சென்ட் சார். வத்தளைப் பக்கத்து ஆள். எல்லவில் மழை ஊற்றி எங்கள் எல்லாருடைய செருப்பும் சேறாகக் கிடக்கும் நாளிலும் அவருடைய சப்பாத்தில் முகம் பார்க்கலாம். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாரே, அப்படி மேசைகளுக்கு நடுவே நடப்பார். ஒருநாளும் யாரையும் ஏசியதில்லை. அதுதான் பயம். ஒரு மேசை தோற்றுப்போனால் அறைக்குக் கூப்பிடுவார். தன் கையாலேயே பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார். நாம் ஒரு மிடறு குடித்தபின் மெதுவாகக் கேட்பார்:

"அவங்க மூத்த பிள்ளைக்கு என்ன பேரு, ஜெயா?"

தெரியாது.

"அவருக்கு டீக்குச் சீனி எத்தன கரண்டி?"

அதுவும் தெரியாது.

"அப்ப நீங்க பேசியிருக்கீங்க. கேக்கல."

அவ்வளவுதான். போகலாம் என்று கையைக் காட்டுவார். அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மழையும் குண்டும் குழியுமான பாதையுமாக விருந்தாளிகள் குறைந்துபோன ஒரு காலம் வந்தது. மேசையில் பேசுகிறவர்களில் ஒருவரைக் குறைக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வின்சென்ட் சார் எனக்குப் பிளேன்டீ ஊற்றினார். தோற்ற மேசை எதுவும் அன்றைக்கு இல்லை. அதனாலேயே நான் கோப்பையைத் தொடவில்லை.

"இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கையெழுத்து வேணும், ஜெயா. இல்லாட்டி உங்கள ரிசப்ஷனுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்."

ரிசப்ஷன் கேவலமான வேலை இல்லை. ஆனால் அதிலிருந்து மேலே வந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். லயத்தில் அம்மா, மகள் கம்பெனியில் 'பேச்சாளர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவில் பட்டிமன்றத்துக்குக்கூட ஒருமுறை கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள்தான் சுப்பையா முதலாளியும் அவருடைய மனைவி விசாலாட்சி அம்மாவும். பதுளை டவுனில் பாத்திரக்கடை. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து கடை போட்ட குடும்பம். வேனில் வந்தார்கள். முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அம்மா கடைசி இருக்கையில். அவர் இறங்கிப் பதிவு செய்தார். அம்மா வாசலில் நின்று மலையைப் பார்த்தார்.

அறையைத் திறந்து காட்டினேன். ஒரே ஒரு பெரிய கட்டில்.

"வேற மாதிரி ரூம் இல்லையா?" என்றார் அம்மா.

"இதுதான் எங்க ஹனிமூன் ரூம் அம்மா!" என்று நான் குலுங்கிச் சிரித்தேன்.

சாம்பாரில் பல்லி கிடந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி ஒரு பார்வை பார்த்தார். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளிக்குப் பக்கத்திலிருந்த உப்பை அம்மா வெயிட்டரைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்த நான் வின்சென்ட் சாரிடம் போய், "அமைதியான தம்பதி சார். ரெண்டு பேருக்கும் ஒரே மனசு. நாளைக்கு மணி அடிச்சிரலாம்," என்றேன். மனிதர்களைப் படிக்கும் கலையில் நான் அவ்வளவு முன்னேறியிருந்தேன்.

ஞாயிறு காலை மேசைக்கு வந்தார்கள். பிள்ளைகள் பற்றிக் கேட்டேன். ஒரே மகள், பெயர் மீனா, பண்டாரவளையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் எங்கள் கூப்பனைப் பெற்றோர் பெயரில் நிரப்பிப் பெட்டியில் போட்டது அவள்தான். இதெல்லாம் அம்மா சொன்னார். பிறகு, "மிஸ், அவருகிட்டச் சொல்லுங்க, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லி. மலைய மறைக்கிறாரு," என்றார்.

அவர் ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தார்.

முதலாளி நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "தள்ளியாச்சுன்னு சொல்லுங்க மிஸ்."

நான் சொன்னேன். "தள்ளிட்டாராம் அம்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எப்ப இருந்து இப்படி?" என்று மெல்லக் கேட்டேன்.

"மகள் கல்யாணத்துல இருந்து," என்றார் முதலாளி. "பேரன் இப்ப நர்சரிக்குப் போறான். ஒரே வீடுதான், மிஸ். சோறு போடுவா, துணி மடிச்சு வைப்பா. பேசமாட்டா. ஏன்னு கேட்டாலும் சொல்லமாட்டா."

"அப்ப இங்க எப்படி ரெண்டு பேரும்...?"

"மீனா ஒரே அழுகை," என்றார் அம்மா. "போகாட்டி இனி நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டேன்னுட்டா. பேரனப் பாக்கணுமே, அதான் வந்தேன்."

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவர் எழுந்து, இன்னொரு கோப்பை தேநீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருப்பார். எனக்கோ மனப்பாடமாயிருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். நடுவில் நிறுத்தினால் எங்கே விட்டேன் என்று தெரியாது. ஆகவே அடுத்த கேள்விக்குப் போனேன். யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பயிற்சியில் கற்றுத் தந்த கேள்வி அது.

"பொதுவா உங்க வீட்ல முடிவு எடுக்கிறது யாரு?"

சுப்பையா முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் மிஸ். அவளுக்கு என்ன தெரியும்? எதுன்னாலும் என்கிட்டக் கேளுங்க."

விசாலாட்சி அம்மா கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் சாசரில் வைத்தார்.

"கேட்டீங்களா மிஸ்? இதேதான். இதே வார்த்தையத்தான் அன்னைக்கும் சொன்னாரு."

"என்னைக்குன்னு கேளுங்க மிஸ்," என்றார் முதலாளி.

நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "மகள் கல்யாணத்தன்னைக்கு. சம்பந்தியம்மா என்கிட்ட வந்து, புள்ளைய எத்தன மணிக்கு அனுப்புறீங்க, கூட யாரு வாறாங்கன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறந்தேன். இவரு அந்தப் பக்கமிருந்து, 'அவளுக்கு என்ன தெரியும், என்கிட்டக் கேளுங்க'ன்னாரு. சபையில. எல்லாரும் சிரிச்சாங்க. சம்பந்தியம்மாவும் சிரிச்சாங்க. நான் பெத்த புள்ள மிஸ். தாலிக்கொடியில இருந்து தாம்பூலப் பை வரைக்கும் நான் பாத்துப் பாத்து எடுத்த கல்யாணம். ஒண்ணும் தெரியாதவ இனி எதுக்குப் பேசணும்? அதான் விட்டுட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இதுவா?" என்றார் என்னிடம். "நான் இவ்வளவு நாளும் சமையல்காரன் விஷயம்னுல்ல நெனச்சேன்! அவ ஒரு ஆளச் சொன்னா. நான் வேற ஆள வச்சேன். சாம்பார் தண்ணியாப் போச்சு. அந்தக் கோபம்னு நெனச்சு, ஒவ்வொரு தீபாவளிக்கும் அவ சொன்ன அந்தச் சமையல்காரனையே வீட்டுக்குக் கூட்டியாந்து ஆக்கிப் போட்டேனே மிஸ்!"

"அந்த ஆளு ஏன் வருஷா வருஷம் வந்து நம்ம குசினியில நிக்கிறான்னு எனக்கு வெளங்கவேயில்ல," என்றார் அம்மா, என்னிடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது," என்றார். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டது. பக்கத்து மேசையில் யாரோ துவாய் அன்னத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்த பேனாவை நான் மேசையில் வைத்தேன். விரல் வலித்ததால் வைத்தேன். குறுக்காக வைத்துவிட்டேன்.

தூரத்திலிருந்து பார்த்த வின்சென்ட் சாருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். மேசையில் மௌனம். மனைவி கனவோடு மலையைப் பார்க்கிறார். கணவர் நெற்றியைத் தேய்த்து மனக்கணக்குப் போடுகிறார். பேனா குறுக்கே கிடக்கிறது. சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அதை அவர் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

"காலை வணக்கம். ஜெயா நல்லாக் கவனிச்சாங்களா?" என்று குனிந்தவர், அன்றைக்கு மட்டும் உள்ள விலையைச் சொன்னார். பிறகு முதலாளியின் தோளுக்கு அருகே வந்து, "உங்கள மாதிரி வியாபாரம் தெரிஞ்சவருக்கு நான் விளக்கத் தேவையில்ல சார். வீட்ல முடிவு எடுக்கிறது எப்படியும் நீங்கதானே?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தேன். முதலாளி நாற்காலியோடு மனைவியின் பக்கம் திரும்பியிருந்தார்.

"விசாலம்," என்றார். செருமிவிட்டு மறுபடி சொன்னார். "விசாலம். இது உனக்கு வேணுமா?"

அம்மா உடனே திரும்பவில்லை. "எனக்கு என்ன தெரியும்?"

"உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

இப்போது திரும்பினார். அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்த படப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவசரப்படவில்லை.

"மீனா குடும்பமும் கூட வந்து தங்கலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கு வேறயா கட்டணும்மா," என்றேன்.

"ஒரு வருஷம் வர முடியாமப் போனா?"

"அந்த வாரம் போயிரும்."

"வருஷா வருஷம் பராமரிப்புன்னு ஏதாவது கேப்பீங்களா?"

அது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற விஷயம். கேட்டால், பிறகு விளக்குவோம் என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். வின்சென்ட் சார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "கேப்போம். கூடிக்கிட்டும் போகும்," என்றேன்.

அம்மா புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "வேணாங்க," என்றார், கணவரிடம்.

"வேணாமாம் சார்," என்றார் முதலாளி.

வின்சென்ட் சார் இன்னும் இறங்கிய ஒரு விலையைச் சொல்லத் தொடங்கினார். முதலாளி கையை உயர்த்தினார். "அவ வேணாம்னுட்டா சார். இனி நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல." மகள் பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டதை ஊருக்குச் சொல்பவர் போல அதைச் சொன்னார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையெழுத்து போய்விட்டதற்காக அழுகிறேன் என்று நினைத்து வின்சென்ட் சார் சென்ட் மணக்கும் தன் கைக்குட்டையை நீட்டினார். உண்மையில் எதற்காக அழுதேன் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. வேலை போகப்போகிறது என்ற பயமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

பின்னேரம் பிளேன்டீ வந்தது.

"அவங்க மகள் பேரென்ன, ஜெயா?"

"மீனா, சார். சம்பந்தியம்மா எதுக்குச் சிரிச்சாங்கன்னும் தெரியும். சமையல்காரன் வச்ச சாம்பார் எப்படி இருந்ததுன்னும் தெரியும்."

முழுக்கதையையும் கேட்டார். கடைசியில், "நல்லாக் கேட்டிருக்கீங்க," என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நாளையில இருந்து ரிசப்ஷன்."

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த இருவரும் மேசைக்குப் பின்னால் என்னைப் பார்த்துத் திகைத்தார்கள். மறைத்துப் பார்த்தேன், என் முகத்துக்கு அது வராது.

"எங்களாலயா?" என்றார் அம்மா.

"ஐயோ, இல்லம்மா."

முதலாளி மனைவியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "நாங்க ஒரு வழி பண்றோம் மிஸ்," என்றார் முதலாளி. வேனில் இருவரும் நடு இருக்கையில் ஏறினார்கள். கண்ணாடி ஏறும்வரை அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பல வருஷத்துப் பாக்கி அல்லவா?

அவர்கள் பண்ணிய வழிதான் என் தொழிலுக்குச் சமாதி கட்டியது. அடுத்த வாரமே முதலாளியின் தம்பியும் மனைவியும் கூப்பனோடு வந்து, ஜெயா மிஸ்தான் பேச வேண்டும் என்றார்கள். பெயர் சொல்லிக் கேட்கிறார்களே என்று வின்சென்ட் சார் என்னை மறுபடி மேலே அனுப்பினார். நானும் புதுச் சேலையில் போனேன். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், நான் பேசியதையெல்லாம் ஆசையாகக் கேட்டார்கள். விலை சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்து, "வேணாம் மிஸ்," என்றார்கள். பிறகு விசாலாட்சி அம்மாவின் தங்கை குடும்பம் ஹாலிஎலவிலிருந்து வந்தது. வேணாம். முதலாளியின் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை நவாஸ் நானாவும் மனைவியும் வந்தார்கள். வேணாம். அவர்தான் விஷயத்தை உடைத்தார்.

"முதலாளிதான் சொல்லி அனுப்பினாரு மிஸ். நல்ல இடம், நல்ல சாப்பாடு. அந்த மிஸ் மிச்சம் நல்ல மனுஷி, நாம சொல்றதக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. ஒண்ணும் வாங்கத் தேவையில்ல, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் கலந்து பேசி வேணாம்னு சொல்லிட்டு வாங்கன்னாரு."

எனக்கு உதவி செய்வதாக முதலாளி மனதார நம்பிக்கொண்டிருந்தார். பதுளையிலிருந்து இத்தனை பேர் வந்து கிரிபத் சாப்பிட்டும் ஒரு கையெழுத்துகூட விழவில்லையே என்று கொழும்பிலிருந்து கேள்வி வந்தது. என்னை ரிசப்ஷனுக்கு அனுப்பினார்கள்; இந்த முறை ஓய்வு பெறும்வரை. லயத்தில் என் அம்மாவிடம் பதவி உயர்வு என்று சொன்னேன். கீழ் மாடிக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம், சுப்பையா முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகையை இருவருமாக வந்து கொடுத்தார்கள். பதுளையில் மண்டபம். வீட்டுக்காரரோடு போனேன். உள்ளே காலடி வைத்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். "மிஸ், ஞாபகம் இருக்கா? நாங்க வேணாம்னு சொன்னோமே!" என்று ஒரு பெண்மணி என்னைக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் தன் பிள்ளைகளை அழைத்து, "இந்த மிஸ்கிட்டத்தான் நானும் அம்மாவும் வேணாம்னு சொன்னோம்," என்று அறிமுகம் செய்தார். வீட்டுக்காரர் மெல்ல, "இங்க உன்கிட்ட வாங்கினவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பந்திக்கு நடந்தேன். வின்சென்ட் சாரும் வந்திருந்தார். இலையில் உட்கார்ந்தபடி மண்டபம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, "அவ்வளவும் ஜோடி, ஜெயா," என்று பெருமூச்சு விட்டார்.

சாப்பாடு முடிந்து விடைபெறப் போனோம். மாலையும் கழுத்துமாக இருவரும் நாற்காலியில் இருந்தார்கள். விசாலாட்சி அம்மா என்னைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னார்.

"நாளைக்குக் காலையில திருகோணமலைக்குப் போறோம் மிஸ். அங்க ஒரு கிளப்புல ரெண்டு நாள் இலவசமாம். ஞாயித்துக்கிழம பேச்சு மட்டும் கேக்கணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற பிறகும் பொறாமை போகவில்லை. "என்னைவிட நல்லாப் பேசினாங்கன்னு வாங்கிறாதீங்கம்மா," என்றேன்.

முதலாளி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அத நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம் மிஸ்."